நிலாவெளி வீதிக் கடைத்தொகுதி: லாண்ட்ஸ்கேப் பிளானைச் சபைக் குழு எப்படிப் பார்ப்பது?

கடற்காற்று:

வணக்கம். எங்கள் பிரதேச சபையின் சுற்றாடல் மற்றும் வசதிகள் குழுவுக்கு ஒரு வணிகத் தொகுதியின் கோப்பு கருத்துக்கு வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். குழுவில் பொறியியலோ தாவரவியலோ படித்தவர்கள் இல்லை. துறை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

காணி 2 ஏக்கர். நிலாவெளி வீதியின் உட்பக்கம், கடலிலிருந்து ஏறக்குறைய 700 மீற்றர், புறாமலைத் தீவுக்கு நேரெதிராக வரும். பின் எல்லையில் ஒரு சிறு குளம் இருக்கிறது. மாரியில் அதன் வான் (குளம் நிறைந்து மிகை நீர் வழியும் இடம்) பாய்ந்து, தண்ணீர் காணியின் வடக்கு மூலையால் ஓடி வீதி மதகுக்குப் போகும். காணிக்குள் இருபது பனை அளவில், இரண்டு பெரிய பாலை, சில வேம்பு, மிச்சம் பற்றை. தரை மணல்.

பிளானில் கட்டடம் 1,600 சதுர மீற்றர், 40 வாகனத் தரிப்பிடமும் உள் பாதையும் 2,400, 'பசுமைப் பரப்பு' 2,400, மீதி 1,700 எதிர்கால விரிவாக்கம். காணி முழுவதையும் கிரவல் மண் போட்டு 2 அடி உயர்த்துவார்களாம். பசுமைப் பரப்பில் புல் தரை, நரிவால் பாம் மரங்கள், மதில் ஓரமாக மஞ்சள் பூ வெடேலியா, முகப்பில் ஒரு அலங்காரத் தடாகம். வரைபடம் பார்க்க அழகாக இருக்கிறது. 30 வீதம் பசுமை என்று எழுதியிருப்பதால் குழுவில் பாதிப்பேர் "இதில் சொல்ல ஒன்றும் இல்லை" என்கிறார்கள்.

என் கேள்விகள்: வேறு எந்தத் திணைக்களங்களின் அனுமதி இருக்க வேண்டும்? 30 வீதம் என்பதை எப்படிச் சரிபார்ப்பது? தண்ணீர், மரம் இரண்டிலும் எந்த நிபந்தனைகளைப் போட்டால் பயன்படும்? கடற்கரைக்கு வெளியே என்பதால் கரையோரத் திணைக்களம் தேவையில்லை என்று கட்டடக் கலைஞர் எழுதியிருக்கிறார். அது சரியா?

---

அலைகரை:

முதலில் உங்கள் குழுவின் இடத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பிரதேச சபைச் சட்டத்தின்படி உங்களுடையது ஆலோசனைக் குழு. அபிவிருத்தி அனுமதிப்பத்திரத்தைத் தீர்மானிப்பது திட்டமிடல் குழு. ஆகவே "அனுமதிக்கிறோம்", "மறுக்கிறோம்" என்று எழுத வேண்டாம். "இன்ன ஆவணம் இல்லாமல் திட்டமிடல் குழு இதைப் பரிசீலிக்கக் கூடாது" என்றும், "அனுமதித்தால் இன்ன நிபந்தனையுடன்" என்றும் எழுதுங்கள். அப்போதுதான் உங்கள் கருத்து கோப்பில் நிற்கும்.

நிறம் தீட்டிய வரைபடத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நில அளவையாளரின் படத்தில் காணியின் எல்லையை வைத்துக்கொண்டு, சட்டம் போட்டிருக்கும் கோடுகளை ஒவ்வொன்றாக அதன் மேல் வரைந்து பாருங்கள்.

கரையோர வலயம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர். 700 மீற்றரில் இருப்பதால் வெளியே என்று கட்டடக் கலைஞர் சொல்வது அந்த ஒரு விதியைப் பார்த்து. கடலோடு நிரந்தரமாகவோ பருவத்துக்கோ தொடர்புள்ள ஆறு, களப்பு, ஓடை இருந்தால் அதன் வாயிலில் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டுக்குச் செங்குத்தாக உள்ளே 2 கிலோமீற்றர் வரை வலயம் நீளும். வீதி மதகுக்கு அப்பால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் இங்கே கேள்வி. மாரியில் முகம் உடைத்துக் கடலில் விழும் ஒரு களப்பிலோ ஓடையிலோ அது சேர்ந்தால் இந்தக் காணியும் உள்ளே வரலாம். கரையோரம் பேணல் திணைக்களத்தின் திருகோணமலை அலுவலகத்தில் நில அளவைப் படத்தைக் கொடுத்து, உள்ளேயா வெளியேயா என்று எழுத்தில் கேட்பது விண்ணப்பதாரரின் வேலை. அந்தக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும்.

பெரும்பாலானோர் தவறவிடுவது அடுத்தது. புறாமலை 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தேசிய பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்வதானால் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி வனஜீவராசிகள் திணைக்களத் தலைவரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும். ஒரு மைல் என்பது 1.6 கிலோமீற்றர். தீவு கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர், காணி இன்னும் 700 மீற்றர் உள்ளே, கூட்டினால் 1.7 என்று கணக்குப் பார்த்து வெளியே என்பார்கள். தீவின் பாறையிலிருந்து அளப்பது பிழை. பூங்காவின் பரப்பு 471 ஹெக்டயர். சுற்றியுள்ள முருகைக்கல் கடலும் அதற்குள் அடக்கம், எனவே எல்லை தீவை விட்டுக் கடலில் நிற்கிறது. வர்த்தமானியில் உள்ள எல்லையிலிருந்து அளந்தால் இந்தக் காணி ஒரு மைலுக்குள் வர மிகுந்த வாய்ப்பிருக்கிறது. இது விடுபட்டால் பின்னால் யாராவது நீதிமன்றம் போகும்போது முழு அனுமதியும் ஆடும்.

குளத்துப் பக்கம்: குளத்தின் ஒதுக்கீட்டு நிலம் (குளத்துக்கென ஒதுக்கிய ஓர நிலம்) எதுவரை என்பதை கமநல சேவை நிலையம் அல்லது நீர்ப்பாசனத் திணைக்களம் காட்ட வேண்டும், எது என்பது அந்தக் குளம் யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதைப் பொறுத்தது. தனியார் உறுதியில் (காணிப் பத்திரத்தில்) குளத்தின் நீர் விளிம்பான அலைகரை வரை எழுதப்பட்டிருந்தால் அதை அப்படியே நம்ப வேண்டாம். வான் ஓடும் வடக்கு மூலை பழைய வயலாகப் பதிவில் இருந்தால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமநல ஆணையாளர் நாயகத்தின் அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. வயல் பதிவேட்டைக் கமநல சேவை நிலையத்திலேயே பார்க்கலாம்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காணி கால் ஹெக்டயரை விடப் பெரிது, ஆகவே தொல்லியல் திணைக்களத்தின் கடிதம் வேண்டும். வீதிக்கு வாசல் திறக்க வீதிக்குப் பொறுப்பான அதிகாரியின் இணக்கம் வேண்டும். பனை தறிப்பதானால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு அடிப்படைத் தகவல் படிவம் போயிருக்கிறதா என்று பாருங்கள். 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின் விதிக்கப்பட்ட திட்டப் பட்டியலில் இந்த அளவுக் கடைத்தொகுதி நேராக வராது. ஆனால் ஒதுக்கீட்டு நிலம் போன்ற உணர்திறன் உள்ள இடத்தில் வேலை நடந்தால் அளவு சிறிதானாலும் உள்ளே இழுக்கப்படலாம். தேவையா இல்லையா என்பதை அதிகார சபை சொல்லட்டும். கட்டடக் கலைஞர் சொல்லக் கூடாது.

---

மதகடி:

அலைகரை ஐயா சொன்ன கடிதங்கள் எல்லாம் வந்தாலும் அந்த 2 அடி கிரவலை விட்டால் வேறெதையும் காப்பாற்ற முடியாது. நான் தண்ணீரை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அளவைப் பாருங்கள். 2 ஏக்கர் 8,094 சதுர மீற்றர். 60 சென்ரிமீற்றர் உயர்த்த 4,850 கன மீற்றர் மண் வேண்டும். ஒரு கியூப் 2.83 கன மீற்றர், ஆகவே 1,700 கியூபுக்கு மேல். 3 கியூப் டிப்பரில் 570 லோட். இறுக்கிய பிறகு 60 நிற்க வேண்டுமானால் இன்னும் கூடும். இந்தக் கிரவல் எங்கே வெட்டப்படும், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அகழ்வு அனுமதியும் போக்குவரத்து அனுமதியும் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கேள்வி வந்தவுடனேயே "முழுக் காணியும்" என்பது "கட்டடத்தின் அடி மட்டும்" என்று சுருங்கிவிடும். கட்டடத்தையும் அதைச் சுற்றி 2 மீற்றரையும் உயர்த்தினால் போதும். தரிப்பிடம் இயற்கை மட்டத்திலேயே இருக்கலாம்.

ஏன் முழுவதும் உயர்த்தக் கூடாது? மணற்றரை மழையை விழுங்கும், இறுக்கிய கிரவல் விழுங்காது. அதன் மேல் புல் பதித்தால் பார்வைக்குப் பச்சை, தண்ணீருக்குக் கிட்டத்தட்ட கொங்கிறீட். வடக்கு மூலையில் வான் ஓடும் பள்ளமும் மூடப்பட்டால் அந்தத் தண்ணீர் பக்கத்து வளவுகளுக்குத்தான் ஏறும்.

இப்போது மழைக் கணக்கு. இங்கே வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் விழுகிறது. தாழமுக்கம் ஒன்று வந்தால் ஒரு நாளில் 100 மி.மீ. புதுமை இல்லை. ஒரு மி.மீ. மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். கூரை 1,600 ச.மீ., அதில் விழுவதில் 90 வீதம் ஓடும்: 144 கன மீற்றர். இன்டர்லொக் கல் போட்ட தரிப்பிடம் 2,400 ச.மீ., 80 வீதம் ஓடும்: 192. கூட்டினால் 336 கன மீற்றர். அதே 4,000 ச.மீ. இன்று மணலும் பற்றையுமாக இருக்கும்போது 20 வீதம் ஓடும் என்று வைத்தால் 80தான். வித்தியாசம் 256 கன மீற்றர், அதாவது 256,000 லீற்றர். இந்த மேலதிகத் தண்ணீரைக் காணிக்குள்ளேயே பிடித்து வைத்து மெதுவாக விட வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் நிபந்தனை. வரைபடத்தில் அதற்கு ஒரு இடமும் காட்டப்படவில்லை என்பது என் ஊகம்.

இடம் கைவசம் இருக்கிறது. பசுமைப் பரப்பை மேடாக்காமல் தரிப்பிடத்தை விட 30 சென்ரிமீற்றர் பள்ளமாக்கினால் 256ஐ 0.3ஆல் வகுக்க 853 சதுர மீற்றர் போதும். 2,400இல் மூன்றில் ஒரு பங்கை விடக் கொஞ்சம்தான் கூட. தரிப்பிடக் கரைக்கல்லில் 3 மீற்றருக்கு ஒரு இடத்தில் 40 செ.மீ. வெட்டு விட வேண்டும். இந்த வெட்டு இல்லாமல் கரைக்கல்லைத் தொடர்ச்சியாகக் கட்டுவதால்தான் பல இடங்களில் பள்ளம் வறண்டு கிடக்க வீதியில் வெள்ளம் நிற்கிறது. வெட்டுக்குக் கீழே அரை மீற்றருக்குக் கருங்கல் பரப்புங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே மண் அரித்துப் பள்ளம் தூர்ந்துவிடும். மேலதிக நீருக்கு, பள்ளத்தின் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வழிவாய் வைத்து மதகுப் பக்கம் விட வேண்டும்.

சல்லி நிரப்பிய உறிஞ்சு அகழி போதும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். சல்லிக்குள் வெற்றிடம் 40 வீதம் அளவில்தான். 256 கன மீற்றர் தண்ணீருக்கு 640 கன மீற்றர் சல்லி வேண்டும், யாரும் போட மாட்டார்கள். அதைவிட, நீருறிஞ்சல் சோதனையை எந்த மாதத்தில் செய்தார்கள் என்று பாருங்கள். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினால் மணல் நொடியில் குடித்துவிடும். மார்கழியில் குளம் நிறைந்து நிற்கும்போது நிலத்தடி நீர் தாழ்ந்த இடங்களில் அரை மீற்றருக்குள் ஏறி வரும். அப்போது அதே குழி தண்ணீரால் நிறைந்திருக்கும். பக்கத்துக் கிணறுகளின் கட்டில் உள்ள மாரி நீர்மட்டக் கறையை அளந்து எழுதச் சொல்லுங்கள். பள்ளத்தின் தரை அந்த மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இங்கே ஆழம் கிடைக்காவிட்டால் பரப்பைக் கூட்ட வேண்டும்: 20 செ.மீ. ஆழமானால் 1,280 ச.மீ. அந்த 1,700 ச.மீ. 'எதிர்கால விரிவாக்கம்' இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாம்.

பள்ளத்தில் தண்ணீர் மழை விட்டு 48 மணித்தியாலத்துக்குள், ஆகக் கூடினால் 72 மணித்தியாலத்துக்குள் வடிய வேண்டும். ஒரு கிழமைக்கு மேல் நின்றால் நுளம்பு. 2017 தொடக்கத்தில் டெங்குவால் கிண்ணியா பட்ட பாட்டை மாவட்டம் மறக்கவில்லை. முகப்பில் வரும் அலங்காரத் தடாகத்தை நான் நேரடியாக நீக்கச் சொல்வேன். பம்ப் பழுதாகிய அன்றிலிருந்து அது நுளம்புத் தொட்டிதான்.

கூரைத் தண்ணீர் தாங்கி நல்லது. ஆனால் வெள்ளக் கணக்கில் அதைச் சேர்க்க விடாதீர்கள். கார்த்திகையில் முதல் இரண்டு மழையில் நிறைந்துவிடும், பிறகு வரும் தண்ணீருக்கு அதில் இடமில்லை. தாங்கியின் பயன் வெயில் காலத்துக்கு. அதைத் தாவரக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், மற்றவர்கள் எழுதுவார்கள்.

---

பாலையும்வீரையும்:

தாவரப் பக்கத்தை நான் எடுக்கிறேன். மதகடி விட்ட தாங்கியிலிருந்தே தொடங்கலாம்.

2,400 ச.மீ. புல் தரைக்குக் கச்சான் வீசும் மாதங்களில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் வேண்டும். அது 12,000 லீற்றர். 30,000 லீற்றர் தாங்கி இரண்டரை நாளில் காலி. பிறகு குழாய்க் கிணறுதான். கடலோர மணலில் நன்னீர் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மேலே ஒரு அடி இறைத்து நீர்மட்டம் இறங்கினால் கீழே உப்பின் எல்லை ஏறக்குறைய 40 அடி ஏறும் என்பது அடிப்படைக் கணக்கு. தினமும் 12,000 லீற்றர் புல்லுக்கு உறிஞ்சினால் அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகள் உவர்ப்பாகும், கடைசியில் அந்தப் புல்லும் கருகும். மலேசியன் புல் என்று விற்கும் அகல இலைப் புல் உப்பைத் தாங்காது.

அதே 30,000 லீற்றரை மரத்துக்கு விட்டுப் பாருங்கள். 40 இளமரம், ஒன்றுக்கு 20 லீற்றர், கிழமைக்கு இரண்டு முறை: 1,600 லீற்றர். 18 கிழமைக்கு வரும். 50,000 லீற்றர் தாங்கியானால் 31 கிழமை, மாசியிலிருந்து ஆவணி கடந்தும். குழுவில் உள்ளவர்களுக்கு இந்த இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள், 30 வீதப் பசுமை என்ற பேச்சு அங்கேயே மாறும். புல்லை முகப்பில் 300 ச.மீ.க்குள் நிறுத்தச் சொல்லலாம். மற்ற இடங்களுக்கு அருகும் பொடுதலையும் போதும், இரண்டும் அந்த மண்ணில் தானாக வருபவை. பொடுதலை நீர் நின்றாலும் வெயில் காய்ந்தாலும் தாங்கும். 30 செ.மீ. பள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை. பள்ளத்தின் ஆழமான மூலைகளில் கோரையை விடலாம்.

30 வீதத்தைச் சரிபார்ப்பது எளிது. தாவரப் பகுதிகள் ஒவ்வொன்றையும் நீள அகலத்தோடு அட்டவணையாகத் தரச் சொல்லுங்கள். அதில் துளைக்கல் பதித்த தரிப்பிடம், கூரை இறவாணத்துக்குக் கீழே வரும் கீற்று, மதில் ஓரத்து ஒரு மீற்றருக்குக் குறைந்த பாத்தி, பூச்சட்டி வைக்கும் இடம் இவற்றைத் தனி நிரலில் போடச் சொல்லுங்கள். அவற்றில் மரம் வளராது. மரம் வளரக்கூடிய மண் எவ்வளவு என்ற எண்தான் உங்களுக்கு வேண்டும். அட்டவணை கேட்டாலே 30 பெரும்பாலும் 20க்குக் கீழே இறங்கும்.

வெடேலியாவை அடியோடு நீக்க வேண்டும். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும், வெட்டிய துண்டு வெள்ளத்தில் போய்க் குளத்து அலைகரையில் ஊன்றினால் பிறகு பிடுங்கி முடியாது. ஆக்கிரமிப்புத் தாவரம் என்று தெரிந்தும் நாற்றுமேடைக்காரர் மலிவென்று விற்கிறார்கள். இப்பில் இப்பிலும் அப்படித்தான். அலங்காரத் தடாகத்தில் ஆகாயத்தாமரையைப் போட்டு, அது குளத்துக்குப் போனால் சபைதான் பிறகு ஆள் பிடித்து அள்ள வேண்டும்.

இருக்கும் மரங்களைப் பற்றி இன்னும் கவனமாக. பாலை மிக மெதுவாக வளரும் மரம். அந்த இரண்டு பாலைக்கும் ஈடாக நூறு பாம் நட்டாலும் ஈடாகாது. எல்லா மரங்களையும் இலக்கமிட்டு, இனம், மார்பு உயரச் சுற்றளவு, நிற்கும் இடத்தின் மட்டம் இவற்றோடு படத்தில் குறிக்க வேண்டும். வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரை தண்டின் விட்டத்தைப் போல் 12 மடங்கு. சுற்றளவு 126 செ.மீ. என்றால் விட்டம் 40, ஆரை 4.8 மீற்றர். இந்த வட்டத்துக்குள் மண் போடவோ வெட்டவோ, சீமெந்து கலக்கவோ, லொறி நிறுத்தவோ கூடாது. பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) உள்ளே வருவதற்கு முன்பே வேலி நிற்க வேண்டும். சிவப்பு நாடா கட்டினால் ஒரு நாளும் நிற்காது, கம்பியும் கட்டையும் வேண்டும்.

மரத்தடியில் 2 அடி கிரவல் போட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. காற்றுப் படும் நுண்வேர்கள் மேல் மண்ணில்தான் இருக்கின்றன. அவை மூச்சடைத்து இறந்து, இரண்டு மூன்று வருடத்தில் மரம் நுனியிலிருந்து காயும். அப்போது "தானாகப் பட்டுவிட்டது" என்று தறிக்க அனுமதி கேட்டு வருவார்கள். பனைக்கும் அடியை மூடக் கூடாது. வளர்ந்த பனையைப் பிடுங்கி இடம் மாற்றி நடலாம் என்று யாராவது எழுதினால் ஏற்காதீர்கள், பெரும்பாலும் பிழைக்காது.

தரிப்பிடத்தில் நான்கு வாகனத்துக்கு ஒரு மரம் என்றால் 40க்கு 10 மரம். ஒவ்வொன்றுக்கும் மூடப்படாத மண் ஆகக் குறைந்தது 1.5க்கு 1.5 மீற்றர். வேம்பு, புங்கை, பூவரசு மூன்றும் உப்புக்காற்றையும் வெயிலையும் தாங்கும். கொட்டாங்காயை வாகனத்துக்கு மேல் வைக்க வேண்டாம், இலையும் காயும் வௌவாலுமாகக் கொட்டும், பிறகு கடைக்காரரே கிளையெல்லாம் தறிப்பார். அது வெளி எல்லைக்கு நல்லது. குளப் பக்கம் மருது, நாவல், தாழை. கடல் பக்கமான காணி என்றால் அடம்பனும் இராவணன் மீசையும் சொல்லியிருப்பேன், 700 மீற்றர் உள்ளே அவற்றுக்கு வேலை இல்லை.

நடுகை ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிவுக்குள். கட்டடம் சித்திரையில் முடிந்தது, திறப்பு விழாவுக்கு மரம் வேண்டும் என்று வைகாசியில் நட்டால் கச்சான் அத்தனையையும் கருக்கும். குழி 60க்கு 60க்கு 60 செ.மீ., தோண்டிய மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டெரு, மேலே தென்னஞ்சோகை அல்லது தும்பு மூடாக்கு 8 செ.மீ., தண்டைத் தொடாமல். நிலாவெளிப் பக்கம் கட்டாக்காலி மாடும் ஆடும் அதிகம், ஆளுயரக் கூடு இல்லாமல் நட்ட கன்று ஒரு மாதம் நிற்காது. இதை நிபந்தனையில் எழுதாமல் விட்டதால் தோல்வியடைந்த நடுகைகள் எண்ணில் அடங்காது.

---

கடற்காற்று:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்று வெளியே தெரிந்த இரண்டு விடயங்கள். வடக்கு மூலையில் ஏற்கனவே பத்துப் பதினைந்து லோட் கிரவல் கொட்டிக் கிடக்கிறது. விண்ணப்பதாரர், "நிபந்தனை எல்லாம் போடுங்கள், கட்டி முடித்துப் பிறகு செய்கிறேன்" என்கிறார். நிபந்தனையை எப்படி எழுதினால் அது காகிதத்தோடு நிற்காது?

---

அலைகரை:

கொட்டியதை முதலில் பாருங்கள், மற்றது பிறகு. அந்தப் பகுதி நகர அபிவிருத்திப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நிரப்புவதே சட்டமீறல், கட்டடம் தொடங்க வேண்டும் என்றில்லை. செயலாளருக்கு எழுதி, தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி, நிறுத்தக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். பிரதி கமநல சேவை நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும். கிரவலின் உயரத்தை நிலையான ஒரு அடையாளத்தோடு, மதகின் மேல் விளிம்பு போதும், ஒப்பிட்டு அளந்து குறியுங்கள். பிறகு "முந்தியே மேடாகத்தான் இருந்தது" என்ற பேச்சு வரும், அதற்கு இந்த அளவுதான் பதில். வான் பாயும் காலத்துக்கு முன் அள்ளப்பட வேண்டும்.

நிபந்தனை எழுதும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. "போதிய மரங்கள் நடப்பட வேண்டும்", "முறையான வடிகால் அமைக்கப்பட வேண்டும்" போன்ற வசனங்களுக்குப் பெறுமதி இல்லை. யார் போய்ப் பார்த்தாலும் ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு: "இலக்கம் 1, 2 பாலை மரங்களைச் சுற்றிப் படத்தில் காட்டிய ஆரையில் கம்பி வேலி அமைத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்டுக் கையொப்பமிடும் வரை எந்த இயந்திரமும் காணிக்குள் வரக் கூடாது." "நீர்தாங்கு பள்ளத்தின் கொள்ளளவு 256 கன மீற்றருக்குக் குறையாது என்பதை வேலை முடிந்த பின் நில அளவையாளர் அளந்து உறுதிப்படுத்திய மட்டப் படம் சமர்ப்பிக்கப்பட வேண்டும்."

எந்தக் கட்டத்தில் எது முடிய வேண்டும் என்றும் பிரியுங்கள். மர வேலியும் வான் ஓடும் பாதையின் எல்லைக் கல்லும் வேலை தொடங்க முன்பு. பள்ளமும் கரைக்கல் வெட்டும் இணக்கச் சான்றிதழுக்கு முன்பு, ஏனென்றால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கட்டடத்தைப் பாவிக்க முடியாது. மின்சாரமும் கடை வாடகையும் வந்த பிறகு யாரும் மண் வெட்ட வர மாட்டார்கள். "பிறகு செய்கிறேன்" என்பதற்கு உங்கள் பதில் இதுதான். நடுகை மட்டும் பருவத்தைப் பொறுத்தது, சான்றிதழ் சித்திரையில் கேட்கப்பட்டால் கன்று நட முடியாது. அதனால் குழி, மண், கூடு, தாங்கி, நீர்க்குழாய் எல்லாம் சான்றிதழுக்கு முன்பு, கன்று அடுத்து வரும் ஒக்டோபர் 15இலிருந்து நவம்பர் 30க்குள் என்று எழுதுங்கள்.

---

பாலையும்வீரையும்:

அதோடு, நட்ட எண்ணிக்கையை எழுத வேண்டாம், நிற்கும் எண்ணிக்கையை எழுதுங்கள். "நடுகைக்கு 24 மாதங்களின் பின் 40 மரங்களில் 32க்குக் குறையாமல் உயிரோடு, தரையிலிருந்து 2 மீற்றர் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும். குறைந்தவை அடுத்த மாரியில் மீள நடப்பட வேண்டும்." பூவரசும் வேம்பும் தண்ணீர் விட்டால் இந்த உயரத்தை எட்டும். நாவல், மருது சற்றுப் பின்னால் வரலாம், அவற்றுக்கு ஒன்றரை மீற்றர் போதும்.

---

மதகடி:

வியாபார அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கச் சபைக்குத்தான் வருவார்கள். அந்த வேளையில் பள்ளமும் வழிவாயும் பார்வையிடப்படும் என்று ஒரு வரி சேர்த்து வையுங்கள். பார்க்கும் நாளைக் கார்த்திகை மழைக்கு மறுநாள் வையுங்கள். ஒரு அடிக்கோலும் நீர்ப்புகாத சப்பாத்தும் போதும்: பள்ளத்தில் எத்தனை சென்ரிமீற்றர் நிற்கிறது, இரண்டு நாள் கழித்து எத்தனை நிற்கிறது. தரிப்பிடத்தில் நிற்கிறது, பள்ளத்தில் இல்லை என்றால் கரைக்கல் வெட்டு அடைபட்டிருக்கிறது. பள்ளத்தில் நான்காம் நாளும் நிற்கிறது என்றால் அடியில் சேறு படிந்திருக்கிறது, ஆவணியில் மேல் 5 செ.மீ. சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.